கேபிள் இல்லாமல் தொலைக்காட்சி: செட்டிநாட்டு வீட்டுக்கு எது ஒத்துவரும்?

கேபிள் இணைப்பை எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எது நல்லது?" என்றுதான். காரைக்குடியில் அடுக்குமாடியில் குடியிருக்கும் இளம் தம்பதிக்கும், கானாடுகாத்தானில் தெருவிலிருந்து தெரு வரை நீளும் வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கும், சிங்கப்பூரிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை வந்து வீட்டைத் திறந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் ஏதோ ஒன்றை விற்கிறவராக இருப்பார்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரிமோட் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது, அவர் எந்தச் சேனலை விட்டுக்கொடுக்க மாட்டார்? ஆண்டில் எத்தனை மாதம் தொலைக்காட்சி உண்மையிலேயே ஓடுகிறது? அது வீட்டின் எந்தக் கட்டில், அதாவது முகப்பிலிருந்து பின்புறம் வரை அடுத்தடுத்து வரும் எந்தப் பகுதியில், இருக்கிறது? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். நம் பக்கத்து வீடுகளில் பல பேருடைய திட்டத்தைக் கவிழ்ப்பது அதுதான்.

படம் வரும் பாதைகள்

தொலைக்காட்சிப் படம் வீட்டுக்கு வருவதற்குக் கேபிளை விட்டால் மூன்று பாதைகள் உண்டு. தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து காற்றுவழி வருவது, வானத்திலிருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருவது, இணையம் வழியாக வருவது.

இவற்றில் முதல் பாதை நமக்கு அடைபட்டுவிட்டது. மொட்டை மாடியில் உயரமான குழாயை நட்டு, உச்சியில் அலுமினியக் கம்பிகளைக் கட்டி, கொடைக்கானல் பக்கம் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த காலம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் கோபுரங்களைப் படிப்படியாக நிறுத்தி, 2022 மார்ச்சுக்குள் அநேகமாக எல்லாவற்றையும் மூடிவிட்டது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "ஒரு ஆன்டெனா வாங்கி ஜன்னலோரம் வையுங்கள் அப்பா, எல்லாச் சேனலும் இலவசம்" என்று யோசனை சொல்வதுண்டு. அமெரிக்காவில் அது நல்ல யோசனைதான். அங்கே பெரிய சேனல்கள் இன்றும் தரைவழியாக இலவசமாக ஒளிபரப்பாகின்றன. இணையக் கடைகளில் தட்டையான கறுப்பு அட்டை போல விற்கும் அந்த ஆன்டெனாவை இங்கே வாங்கி மாட்டினால் திரையில் ஒன்றும் வராது. பிடிப்பதற்கு இங்கே அலையே இல்லை.

ஆக, மிச்சமிருப்பவை வானமும் இணையமும்.

மாதச் சந்தா இல்லாத டிஷ்

வானத்திலிருந்து வருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தூர்தர்ஷனை நடத்தும் பொது ஒளிபரப்பு அமைப்பான பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. டிஷ், செட்டாப் பாக்ஸ், கம்பி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவை சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆகும். அதன் பிறகு மாதச் செலவு கிடையாது. ரீசார்ஜ் என்ற பேச்சே இல்லை. பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 வகையா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பழைய வகை பாக்ஸில் எல்லாச் சேனலும் வராது.

அப்படியானால் எல்லோரும் ஏன் இதையே வைத்துக்கொள்வதில்லை? தமிழுக்கு அதில் கிடைப்பது குறைவு. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழ் வரும். செய்தி, பக்தி, கல்விச் சேனல்கள் வரும். இந்திச் சேனல்கள் கொட்டிக் கிடக்கும். சன், விஜய், ஜீ தமிழ் மூன்றும் வராது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை தொடர்களோடு வாழ்கிற ஒருவர் வீட்டில் இருந்தால், ஃப்ரீ டிஷ்ஷை மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். மாட்டிய அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் கிரிக்கெட் பார்க்கிறவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. 2007-இல் வந்த ஒரு சட்டப்படி, நாட்டுக்கு முக்கியமானவை என்று அரசு அறிவித்த விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால் இந்திய அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் பலவும் ஃப்ரீ டிஷ்ஷில் டிடி ஸ்போர்ட்ஸ் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. பகிரப்பட்ட அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தளங்களுக்கு மட்டுமே உரியது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் டிஷ்ஷிலும் கேபிளிலும் அதே டிடி ஸ்போர்ட்ஸை வைத்தால், அந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். ஐ.பி.எல். போட்டிகள் இந்தக் கணக்கில் வராது.

சந்தா கட்டும் டிஷ்

இரண்டாவது வகை, மாதாமாதம் பணம் கட்டும் டிடிஎச். சன் டைரக்ட், டாடா பிளே, ஏர்டெல், டிஷ் டிவி, டி2எச் ஆகியவை இந்த வகை. கேபிளில் பார்த்த அதே சேனல்கள், அதே எண் அழுத்தும் ரிமோட். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் அதிகச் சண்டை இல்லாத மாற்று. ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

செலவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து, வேண்டிய சேனல்களை மட்டும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் உரிமை நமக்கு உண்டு. அப்போது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த முறைப்படி, நூறு சேனல்கள் வரை கொண்ட இணைப்புக்கென்று 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி, ஆக 153 ரூபாய் 40 காசு அடிப்படைக் கட்டணம்; கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேலே. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை நீக்கி, நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எனவே இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். விற்பனையாளர் ஒரு பெரிய தொகுப்பைத்தான் முதலில் நீட்டுவார். வீட்டில் உண்மையாகப் பார்க்கும் ஏழெட்டுச் சேனல்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "இவை மட்டும் என்றால் எவ்வளவு?" என்று கேளுங்கள். சில சமயம் தொகுப்பே மலிவாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் தலையாட்டுவது வேறு.

டிஷ்ஷை எங்கே வைப்பது?

ஓட்டுக் கூரையில் ஏறித் துளை போடக் கூடாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து இழைத்த சுவரில் போல்ட்டை இறக்கக் கூடாது. நூறு ஆண்டுகள் வழவழப்புக் குறையாமல் நிற்கும் பூச்சு, ஒரு துளையில் விரிசல் விட்டுவிடும். அதே பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் எளிதல்ல. பொருத்த வருகிற பையன் அவசரத்தில் இருப்பான், கையில் துளைபோடும் இயந்திரம் இருக்கும். அவன் வருவதற்கு முன்பே இடத்தை நீங்கள் முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

இதற்குக் கொஞ்சம் திசைக் கணக்குத் தெரிந்தால் போதும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழல்வதால் நமக்கு அசையாமல் நிற்பதாகத் தெரிகின்றன. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 என்ற இந்தியச் செயற்கைக்கோளிலிருந்து. காரைக்குடியில் நின்று பார்த்தால் அது தென்கிழக்கே, தரையிலிருந்து ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் இருக்கும். கிட்டத்தட்ட உச்சிக்கு நெருக்கம். வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே டிஷ் தாழப் பார்த்தாக வேண்டும், எதிர் வீட்டு மாடி மறைக்கும்.

இவ்வளவு உயரத்தில் இருப்பதால் முற்றத்திலேயே டிஷ்ஷை வைக்கலாம். கூரை விளிம்பு டிஷ்ஷைவிடப் பத்தடி உயரத்தில் இருந்தால், தென்கிழக்குப் பக்க விளிம்பிலிருந்து நாலைந்து அடி விலகி நின்றாலே வானம் தெரியும். மாடி வைத்த கட்டு, விளிம்பு இருபத்தைந்து அடி என்றால் பத்தடி விலகல் வேண்டும். முற்றத்தின் வடமேற்கு மூலை இதற்குத் தோதானது. அங்கிருந்து மூலைவிட்டமாகத் தென்கிழக்கைப் பார்க்கலாம். இரும்புத் தாங்கியின் அடியைச் சிமென்ட் கட்டையில் பதித்து நிறுத்திவிட்டால் தரையிலும் சுவரிலும் ஒரு துளைகூட வேண்டாம். விசேஷங்கள் நடக்கும் முதல் கட்டு முற்றத்தை விட்டுவிட்டு, வடகம் காயப்போடும் பின்கட்டு முற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு தடவை நகர்த்தினால், திரும்ப வைக்கும்போது ஒன்றிரண்டு பாகை தவறினாலும் படம் போய்விடும்.

டிஷ்ஷைப் பொருத்திய பிறகு பார்த்தால் அது 69 பாகையில் வானத்தைப் பார்ப்பதாகத் தெரியாது. எதிர்ச் சுவரின் மேல்பகுதியைப் பார்ப்பதுபோலச் சாய்ந்திருக்கும். பயப்பட வேண்டாம். நம் வீடுகளுக்கு வருவது கதிரைச் சாய்வாக வாங்கி எதிரொலிக்கும் வடிவமைப்புக் கொண்ட டிஷ். அதன் உண்மையான பார்வை, முகம் காட்டுவதைவிட இருபது பாகைக்கும் மேல் உயர்ந்திருக்கும்.

தனியார் நிறுவனங்களுக்கு வெவ்வேறு செயற்கைக்கோள்கள். டாடா பிளேவுடையது 83 பாகை கிழக்கில். நமக்கு அது இன்னும் உச்சியில், 77 பாகை உயரத்தில் இருக்கும். மேலும் கிழக்கே தள்ளி நிற்கும் செயற்கைக்கோள் என்றால் டிஷ் தாழப் பார்க்கும், முற்றம் போதாமல் போகலாம். சன் டைரக்ட் சேவையும் ஜிசாட்-15-ஐப் பயன்படுத்துவதால், பழைய சன் டைரக்ட் டிஷ் மாடியில் சும்மா கிடந்தால் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் ஒன்றை மட்டும் வாங்கி அதோடு இணைத்துப் பார்க்கலாம். புது டிஷ்ஷின் செலவு மிச்சமாக வாய்ப்பு உண்டு.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அவற்றை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும், மழை தணிந்ததும் தானாக வரும். வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்துப் பயனில்லை. இடி மின்னல் நேரத்தில் மின்சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல், டிஷ்ஷிலிருந்து வரும் கம்பியையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இணையம் வழியாக

இணையவழித் தொலைக்காட்சியில் புதிதாக நுழைகிறவர்கள் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்: வேகம், டேட்டா. கண்மாயின் மடை எவ்வளவு அகலம் என்பது வேகம். கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது டேட்டா. படம் தடங்கலில்லாமல் ஓட வேகம் வேண்டும். அதற்கு நாம் நினைப்பதைவிடக் குறைவே போதும். முழு எச்டி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. இன்றைக்கு விற்கும் ஃபைபர் இணைப்புகளில் மிகச் சிறியதிலேயே 30 எம்பிபிஎஸ் அளவில் கிடைக்கிறது. ஆகவே நூறு, இருநூறு எம்பிபிஎஸ் என்று ஆசை காட்டுவதில் மயங்க வேண்டாம்.

டேட்டாதான் கடிக்கும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி, எச்டி தரத்தில் மூன்று ஜிபி வரை. கைபேசித் திட்டத்தில் நாளுக்கு 2 ஜிபி இருக்கிறது, அதை ஹாட்ஸ்பாட் போட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: எச்டியில் நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். படத்தில் இடைவேளைகூட வந்திருக்காது. ஊருக்கு வந்த ஒரு வாரத்துக்குச் சமாளிக்க அது சரி. குடும்பத்துக்கு நிரந்தர வழியல்ல.

எனவே ஃபைபர் இணைப்பு வேண்டும், அல்லது 5ஜி சிக்னலை வீட்டுக்குள் வைஃபையாக மாற்றித்தரும் ஏர்ஃபைபர் வகை வேண்டும். பின்னது 2023-இல்தான் வந்தது. 5ஜி கோபுரம் பக்கத்தில் இருந்தால் மட்டுமே உதவும். காரைக்குடி நகருக்குள் கிடைப்பது, உள்ளடங்கிய ஊர்களில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் வரைபடத்தை நம்புவதைவிட, அதே தெருவில் வைத்திருப்பவர் வீட்டுக்குச் சாயங்காலம் எட்டு மணிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. ஃபைபரைப் பொறுத்தவரை பல ஊர்களில் ஒரு வேடிக்கை: கேபிள் வேண்டாம் என்று யாரிடம் சொன்னீர்களோ, அதே அண்ணன்தான் ஃபைபர் கம்பியையும் இழுத்துக்கொண்டு வருவார். கோபித்துக்கொண்டு பிரிந்துவிடாதீர்கள்.

இணைப்பு வந்துவிட்டால் பார்ப்பதற்கு என்ன? செய்தி மட்டும் போதும் என்பவருக்குச் சந்தாவே தேவையில்லை. முக்கியமான தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்களைப் பார்க்கலாம். தொடர்களுக்குத்தான் பிரிந்து கிடக்கிறது வழி: சன் தொலைக்காட்சி என்றால் சன் நெக்ஸ்ட், விஜய் என்றால் ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழ் என்றால் ஜீ5. மூன்றையும் பார்க்கிற வீட்டில் மூன்று சந்தா. கேபிளில் ஒரே பில்லில் வந்தது இங்கே மூன்று பில்லாகும். இணையக் கட்டணம் தனி. கூட்டிப் பார்த்தால் கேபிளைவிட அதிகமாகவே வரலாம். பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பக்கம் வருகிறவர்கள் இந்தக் கூட்டலை முதலில் போட்டுவிடுவது நல்லது. தவறவிட்ட தொடரை நினைத்த நேரத்தில் பார்ப்பது, விளம்பரம் குறைவது, பிள்ளைகள் வேறொரு அறையில் வேறொன்றைப் பார்ப்பது ஆகியவைதான் இதன் உண்மையான லாபம்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று வளர்ந்து வருகிறது. ஃபைபர் வழியாகவே நேரலைச் சேனல்களைத் தொகுப்பாகக் கொடுப்பது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2024-இல் மத்தியப் பிரதேசத்தோடு தமிழ்நாட்டையும் சேர்த்து ஐஎஃப்டிவி என்ற பெயரில் இதைத் தொடங்கியது. அதன் ஃபைபர் வாடிக்கையாளர்கள் ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியில் ஒரு செயலியை நிறுவிச் சேனல்களைப் பார்க்கலாம். அது டேட்டாக் கணக்கில் சேராது என்றும் அறிவித்தார்கள். வேறு நிறுவனங்களும் இப்படிக் கொடுக்கின்றன. ஃபைபர் எடுக்கும்போதே, நேரலைச் சேனல்கள் உள்ள திட்டம் எது, அதில் உங்கள் தாளிலிருக்கும் சேனல்கள் இருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் நேரலைக்கு ஒரு சின்னக் குறை உண்டு. செயற்கைக்கோளில் வருவதைவிட அது சில பத்து விநாடிகள் பின்தங்கி வரும். தொடருக்கு இது ஒரு பொருட்டில்லை. கிரிக்கெட்டில், கடைசி ஓவரில், எதிர் வீட்டுக் கூச்சல் முதலில் வந்துவிடும்.

இரண்டடிச் சுவரும் வைஃபையும்

தொலைக்காட்சி எந்தக் கட்டில் இருக்கிறது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஃபைபர் கம்பி தெருவிலிருந்து வருகிறது. வருகிறவர் முகப்பிலேயே, அநேகமாகத் திண்ணையை ஒட்டிய அறையில், ரவுட்டரை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆள் புழங்குவதும் தொலைக்காட்சி இருப்பதும் இரண்டாம் கட்டுக்கு அப்பால், அடுப்படிக்குப் பக்கத்தில். நடுவே செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டடிச் சுவர்கள் மூன்று, நான்கு. தேக்குக் கதவு வேறு. முகப்பில் கைபேசியில் ஐம்பது எம்பிபிஎஸ் காட்டும்; பின்கட்டில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். "இணையம் சரியில்லை" என்று நிறுவனத்தைத் திட்டுவார்கள். இணையம் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குள் நடக்க முடியாமல் நிற்கிறது.

ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கண்டால் மடங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, சுவரை ஓரளவு ஊடுருவும். முன்னே சொன்னபடி ஒரு படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்பதால், தொலைக்காட்சியை 2.4-இல் இணைப்பதே பல வீடுகளில் முதல் நிவாரணம். அடுத்தது, ரவுட்டரை முகப்பிலிருந்து முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு நகர்த்துவது. முற்றம் திறந்த வெளி. அலை அதைத் தாண்டி எதிர்த் தாழ்வாரத்துக்கு எளிதாகப் போகும். நகர்த்தும்போது பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான், அலையைத் திருப்பியடிக்கும்.

இதற்கெல்லாம் மசியாத நீளமான வீடு என்றால், சிக்னலைப் பெருக்கும் சின்னக் கருவிகளில் பணத்தை விடுவதைவிட, ரவுட்டரிலிருந்து பின்கட்டு வரை ஒரு லேன் கம்பி இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும். நம் பெரிய வீடுகளும் அதற்குள் அடங்கிவிடும். தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்விளிம்போடு ஓட்டினால் கண்ணுக்கும் தெரியாது. அந்த முனையில் கம்பியை நேராகத் தொலைக்காட்சியிலேயே செருகலாம், அல்லது இன்னொரு சிறிய ரவுட்டரை வைத்து அந்தக் கட்டு முழுவதற்கும் வைஃபை கொடுக்கலாம். ஒரே வீட்டில் பங்காளிகள் கட்டுக்கட்டாகப் பிரிந்து இருந்தால், ஒரு இணைப்பின் செலவைப் பகிர்ந்துகொள்ளவும் இது வழி. யார் மாதாமாதம் கட்டுவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அந்தச் சிக்கலுக்கு என்னிடம் தொழில்நுட்பத் தீர்வு இல்லை.

பழைய பெட்டி இருந்தால்

2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி இன்னமும் ஓடுகிற வீடுகள் உண்டு. அதில் எச்டிஎம்ஐ துளை கிடையாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள்தான். டிஷ் பாக்ஸ்களில் பலவற்றில் அந்த மூன்று நிறக் கம்பிக்கு இடம் இருக்கும், கேட்டு வாங்கினால் போதும். இணையக் குச்சிகள், அதாவது ஃபயர் டிவி போன்றவை, எச்டிஎம்ஐ உள்ள பெட்டியில் மட்டுமே நேரடியாக வேலை செய்யும். நடுவே மாற்றி ஒன்றை வைக்கலாம். ஆனால் அந்தச் சிறிய திரையில் எழுத்துகள் பொடிப்பொடியாகத் தெரியும், கண்தான் வலிக்கும்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்மார்ட் தொலைக்காட்சி மெதுவாகிவிட்டது, செயலிகள் திறக்கவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். திரை நன்றாக இருந்தால் ஒரு குச்சி வாங்கிச் செருகினாலே மறுபிறவி எடுக்கும்.

"ஒரே தடவை பணம், வாழ்நாள் முழுக்க எல்லாச் சேனலும், எல்லா ஓடிடியும்" என்று விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அவை திருட்டு ஒளிபரப்பில் ஓடுகின்றன. ஒரு நாள் நின்றால் கேட்க ஆள் இருக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத மென்பொருளை வீட்டு வைஃபையில் சேர்ப்பது வங்கிச் செயலி வைத்திருக்கும் கைபேசிக்கும் நல்லதல்ல.

யாருக்கு எது?

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு என் கருத்து உறுதியானது: ஃப்ரீ டிஷ். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டுக்கு மாதச் சந்தா கட்டுவது, ஆள் இல்லாத கூடத்தில் மின்விசிறியை ஓட விடுவதற்குச் சமானம். வந்து தங்கும் நாள்களில் தொடர் வேண்டும் என்றால், கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஒரு செயலி போதும். ஏற்கெனவே டிடிஎச் இருந்தால், கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதியைக் கேளுங்கள். நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பாக்ஸைத் திரும்ப உயிர்ப்பிக்க, அதைச் சிறிது நேரம் இயக்கி வைத்து நிறுவனத்திடம் சிக்னல் அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே விசேஷத்துக்கு முதல் நாள் ராத்திரி இதைத் தொடங்காமல், இரண்டு நாள் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சிலர், ஒரு கணக்கை வேறு வேறு வீடுகளில் பகிர்வதை 2023 முதல் கட்டுப்படுத்திவிட்டார்கள் என்பதையும் சென்னைக் கணக்கை நம்பி வருகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு டிடிஎச். எத்தனை மலிவாக இருந்தாலும் செயலி, கடவுச்சொல், புதுப்பிப்பு என்ற உலகத்துக்குள் அவர்களைத் தள்ளாதீர்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்தே கைபேசியில் ரீசார்ஜ் செய்துவிடலாம்.

படிக்கிற பிள்ளைகளும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களும் இருக்கும் வீட்டில் ஃபைபர் எப்படியும் வரப்போகிறது. அந்தச் செலவைத் தொலைக்காட்சிக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், மேலே ஒரு செயலி, கூடவே கிரிக்கெட்டுக்கும் இணையம் நின்றுபோகும் நாளுக்கும் ஃப்ரீ டிஷ் என்ற கூட்டு மிக மலிவாக முடியும். நான் பார்த்தவரை இந்தப் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு நன்றாக ஒத்துவருவது இதுதான்.

எதைத் தேர்ந்தாலும் கேபிளை அன்றைக்கே துண்டிக்க வேண்டாம். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். ரிமோட் வைத்திருப்பவர் எத்தனை தடவை பழைய கேபிள் பக்கம் திரும்புகிறார், எந்தச் சேனலுக்காகத் திரும்புகிறார் என்று கவனியுங்கள். பிறகு கேபிள்காரருக்குச் சொல்லி, அவர் கொடுத்த செட்டாப் பாக்ஸை அதன் ரிமோட், அடாப்டரோடு ஒப்படைத்து, எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வைப்புத் தொகை ஏதாவது கட்டியிருந்தால் பழைய ரசீதைத் தேடி எடுத்துவிட்டுக் கூப்பிடுவது நல்லது.